கோப்பில் உள்ள வீதியும் நிலத்தில் உள்ள வீதியும்: யாழ்ப்பாணத்தில் அரச செலவைக் கண்காணிக்க ஒரு முழு வழிகாட்டி

அரச பணம் எங்கே போகிறது என்று பார்க்க முதலில் ஒரு செயலி வேண்டும், பிறகு பெரிய இணையத்தளம் வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படித் தொடங்கினால் ஆறு மாதத்தில் தளம் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. உண்மையில் தேவைப்படுவது ஒரு ஒழுங்கை, அதற்குரிய கோப்பு, ஒரு மீற்றர் நாடா, ஒரு எக்செல் தாள். கோப்பில் எழுதியிருக்கும் எண்ணையும் நிலத்தில் அளந்த எண்ணையும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் வைக்க முடிந்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது. மற்றத் தொழில்நுட்பமெல்லாம் அந்த ஒரு வரியைப் பிழையில்லாமல் உண்டாக்குவதற்காகத்தான்.

இந்த வழிகாட்டி ஒரு சனசமூக நிலையமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ நான்கைந்து இளைஞர்களோ செய்யக்கூடிய அளவுக்கு எழுதப்பட்டது. மூன்று பேரும் ஒரு மடிக்கணினியும் போதும்.

படி 1: யாருடைய வீதி என்று முதலில் கண்டுபிடியுங்கள்

பாதி முறைப்பாடுகள் தவறான கதவைத் தட்டுவதால்தான் வீணாகின்றன. பிரதேச சபையிடம் கேட்டால் "அது எங்களுடையது இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும், இரண்டு மாதம் போய்விடும்.

வீதிகளுக்கு ஒரு சுருக்கமான விதி இருக்கிறது. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை, அதாவது மத்திய அரசு. கண்டி வீதி என்று நாங்கள் சொல்லும் ஏ9, நாவற்குழியில் பிரிந்து பூநகரி வழியாக மன்னார் போகும் ஏ32 இரண்டும் அங்கேதான். சி, டி வகை வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. மிச்சமுள்ள உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றத்தினுடையவை. யாழ். மாவட்டத்தில் அப்படி 17 மன்றங்கள் உண்டு: யாழ்ப்பாணம் மாநகர சபை, சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை நகர சபைகள் மூன்று, பிரதேச சபைகள் 13.

இதற்குள் ஒரு சிக்கல். வீதி சபையுடையதாக இருக்கலாம், பணம் சபையுடையதாக இருக்காது. சோலைவரியும் சந்தைக் குத்தகையும் சேர்ந்த சபையின் சொந்த நிதி ஒன்று. மாகாணத்துக்கு வரும் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்திக் கொடை இன்னொன்று. நாடாளுமன்ற உறுப்பினர்களின் முன்மொழிவில் வரும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி கச்சேரி வழியாகப் பிரதேச செயலகத்துக்கு வந்து செலவாகும். அதற்கு மேலே உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கித் திட்டங்கள். வீதி யாருடையது, பணம் யாருடையது, வேலையைச் செய்விப்பவர் யார் என்று மூன்று கேள்விக்கும் மூன்று வேறு பதில் வரலாம். கோப்பு இருப்பது பெரும்பாலும் மூன்றாமவரிடம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதும் விண்ணப்பம் அவருக்கே போக வேண்டும்.

வேலை நடக்கும் இடத்தில் பெயர்ப்பலகை இருந்தால் இந்த மூன்றும் அதிலேயே இருக்கும். பெயர்ப்பலகைக்கென்று பல ஒப்பந்தங்களின் அளவுப் பட்டியலில் (என்ன வேலை, எவ்வளவு, என்ன விலை என்று எழுதிய பட்டியல்) தனி உருப்படியே உண்டு, அதற்கும் பணம் கொடுபடுகிறது. பலகையே இல்லையென்றால் அதையே உங்கள் முதலாவது கேள்வியாக எழுதி வையுங்கள்.

படி 2: கேட்காமலே கிடைப்பதை எடுத்து வையுங்கள்

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் ஏற்கெனவே வெளியாகியிருப்பதைத் தேடுங்கள். சபையின் வருடாந்தப் பாதீடு, பெறுகைத் திட்டம், உதயன், வலம்புரி போன்ற பத்திரிகைகளில் வரும் கேள்வி (டெண்டர்) அறிவித்தல்கள், நிதி அமைச்சின் 'ப்ரோமிஸ்' மின்பெறுகைத் தளம், தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் அறிக்கைகள். மத்திய அரசின் வரவு செலவு மதிப்பீட்டு நூல்களில் யாழ். மாவட்டச் செயலகம் 264ஆம் தலைப்பு. அந்த எண்ணை வைத்துத் தேடினால் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புரட்டத் தேவையில்லை.

இவற்றில் கணக்காய்வு அறிக்கைதான் அதிகம் கவனிக்கப்படாத பொக்கிஷம். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி மன்றங்களும் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் பார்வைக்குள் வருகின்றன. உங்கள் சபையின் கடந்த மூன்று வருட அறிக்கைகளை எடுங்கள். ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் நிர்வாகம் கொடுத்த பதிலும் இருக்கும். ஒரே குறை மூன்று வருடம் தொடர்ந்து வந்து, மூன்று முறையும் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் இருந்தால் எதைத் தேட வேண்டுமென்று அறிக்கையே சொல்லிவிட்டது. கணக்காய்வாளர் அலுவலகத்தில் இருந்து கோப்பைப் பார்ப்பார், சில இடங்களுக்குத்தான் நேரில் போவார். உங்கள் ஒழுங்கைக்கு நாள்தோறும் போகிறவர் நீங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் உங்களுக்குத் துணை. உள்நாட்டு நிதியில் 500,000 ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம், வெளிநாட்டு நிதியில் 100,000 அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே அதுபற்றிய தகவலைப் பொதுமக்களுக்கு வெளிப்படுத்தும் கடமையை அந்தப் பிரிவு விதிக்கிறது. அவசரத் திட்டமென்றால் ஒரு வாரம். இது ஒழுங்காக நடப்பது அபூர்வம். ஆனால் விண்ணப்பத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டால் "இது இரகசியம்" என்ற பேச்சு எழாது.

எடுக்கும் ஒவ்வொரு பீடிஎப் கோப்பையும் எடுத்த திகதியோடு பெயரிட்டு இரண்டு இடங்களில் சேமியுங்கள். இணையப் பக்கத்தை, பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் பதிந்துவிடுங்கள். அரச தளங்கள் புதுப்பிக்கப்படும்போது பழைய பக்கங்கள் சத்தமில்லாமல் போய்விடும்.

படி 3: பீடிஎப்பை எண்ணாக்குவது, பாமினியின் சாபம்

இந்தப் படியில்தான் பலர் கைவிடுகிறார்கள். கையில் வரும் பீடிஎப் மூன்று வகை.

முதல் வகை வருடிய படம். எழுத்தைத் தெரிவு செய்ய முயன்றால் ஒன்றும் தெரிவாகாது. 300 டிபிஐக்குக் குறையாமல் வருடி, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்து ஓரளவு நன்றாக வரும். பக்கங்கள் அதிகமென்றால் டெசரக்ட் என்ற இலவச மென்பொருளில் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுத்து ஓட்டலாம். எழுத்துப் பிழை பெரிய கேடு செய்யாது, எண்பிழைதான் செய்யும். 3 என்பது 8 ஆகும், 1 என்பது 7 ஆகும், தசமப்புள்ளி காணாமல் போகும். அட்டவணையின் கூட்டுத்தொகையை நீங்களே எக்செலில் கூட்டி, அச்சிலுள்ள கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டால் பிழையைப் பிடித்துவிடலாம். ஒத்துப்போகும்வரை அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள். ஒத்துவரவே இல்லையென்றால் மூலப் பக்கத்தையும் பாருங்கள். சிலவேளை அவர்களே பிழையாகக் கூட்டியிருப்பார்கள்.

இரண்டாவது வகை நம்மூர் நோய். பார்க்க அழகான தமிழ், பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை. அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. யுனிகோட் வந்து இவ்வளவு காலமாகியும் எத்தனையோ அலுவலகங்களில் பாமினிதான் ஓடுகிறது. பாமினியை யுனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. எச்சரிக்கை ஒன்று: அதே அட்டவணையிலுள்ள ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழ்போலத் தோன்றும் குழப்பமாக்கிவிடும். தமிழ் நிரலை மட்டும் வெட்டி மாற்றி, திரும்ப ஒட்டுங்கள்.

மூன்றாவது வகை யுனிகோட்தான், ஆனால் கொம்பும் காலும் பிரிந்து கிடக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் அகப்படாது. "கோப்பாய்" என்று தேடி ஒன்றும் வரவில்லையென்றால் "ப்பாய்" என்று தேடிப் பாருங்கள்.

மூன்றுக்கும் பிறகு பெயர்ச் சிக்கல் வரும். பாதீட்டில் "காங்கேசன்துறை வீதி", கேள்வி அறிவித்தலில் "கே.கே.எஸ். வீதி", கணக்காய்வில் இன்னொன்று. தரவைச் சுத்தப்படுத்தும் ஓப்பன்ரிஃபைன் மென்பொருளின் கொத்தாக்கும் வசதியில், எழுத்து வித்தியாசத்தை எண்ணும் லெவன்ஷ்டைன் முறையைத் தெரிவு செய்தால் எழுத்தில் ஒத்த பெயர்கள் பக்கத்தில் வந்து நிற்கும். கே.கே.எஸ். போன்ற சுருக்கங்களைக் கையால்தான் சேர்க்க வேண்டும். ஒலிப்பு முறைகள் ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கென்று செய்தவை, தமிழுக்கு உதவாது. இறுதி முடிவை ஊர் தெரிந்த ஒருவர் எடுக்கட்டும். எந்த மென்பொருளுக்கும் எந்த ஒழுங்கை எந்தக் கோயிலடியில் தொடங்குகிறது என்று தெரியாது.

இன்னொன்று: தமிழ் உள்ள சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறக்காதீர்கள், எழுத்துகள் சிதறும். தரவு இறக்குமதி வழியாகப் போய் யுடிஎப்-8 என்று தெரிவு செய்து திறவுங்கள்.

படி 4: ஒரு வேலை, ஒரு எண், ஒரு வரி

ஒரே வேலை பாதீட்டில் ஒரு பெயரில், கேள்வியில் வேறு பெயரில், கொடுப்பனவுப் பட்டியலில் வவுச்சர் இலக்கமாக மட்டும் இருப்பதால்தான் பணத்தைப் பின்தொடர முடியாமல் போகிறது. திறந்த ஒப்பந்தத் தரவு நியமம் என்று உலகளவில் பயன்படும் ஒழுங்கும் இதைத்தான் தீர்க்கிறது: திட்டமிடல், கேள்வி, தெரிவு, ஒப்பந்தம், நிறைவேற்றம் ஆகிய ஐந்து கட்டத்துக்கும் ஒரே அடையாள எண். நீங்களும் அதையே செய்யுங்கள். சபையின் சுருக்கம், வருடம், வரிசை எண் என்று ஒன்று போதும்: "நல்-2025-014".

தாளில் இருக்க வேண்டிய நிரல்கள்: எண், வேலையின் பெயர், தொடக்கமும் முடிவும், நிதிமூலம், ஒதுக்கிய தொகை, பொறியியல் மதிப்பீடு, ஒப்பந்தத் தொகை, ஒப்பந்தகாரர், தொடங்கிய திகதி, முடிய வேண்டிய திகதி, முடிந்ததாகச் சான்றளித்த திகதி, இதுவரை கொடுத்த தொகை, கோப்பின்படி நீளம், அகலம், தடிப்பு, நீங்கள் அளந்த நீளம், அகலம், தடிப்பு. கடைசியாக, ஒவ்வொரு எண்ணும் எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஒரு நிரல். இந்தக் கடைசி நிரலைச் சோம்பலில் விட்டுவிடுவார்கள். ஒரு பொறியியலாளர் எதிரே இருந்து "இந்த எண் எங்கே எடுத்தீர்கள்?" என்று கேட்கும்போது அது இல்லாமல் வாய் அடைத்துப்போகும்.

தொகைகளில் இரண்டு பொறி. ஒன்று, சில அட்டவணைகள் ஆயிரம் ரூபாவில் எழுதப்பட்டிருக்கும், மூலையில் சின்னதாக மட்டும் அது குறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது வற் வரி. 2024 ஜனவரி 1 முதல் வற் 18 சதவீதம். மதிப்பீடு வற்றோடு 2,360,000, ஒப்பந்தம் வற் இல்லாமல் 2,000,000 என்றால் 360,000 ரூபா மாயமாகவில்லை, இரண்டும் ஒரே தொகைதான். அதேபோல மதிப்பீட்டில் எதிர்பாராச் செலவுக்கென்று ஒரு விகிதம் சேர்ந்திருக்கும். இவற்றைக் கழிக்காமல் "மோசடி" என்று முகநூலில் போட்டு, அடுத்த நாளே அழிக்க வேண்டி வந்தால் பிறகு உங்கள் சரியான எண்ணையும் யாரும் நம்பமாட்டார்கள்.

படி 5: தகவல் விண்ணப்பம்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. பிரஜை எவரும் கேட்கலாம், ஏன் கேட்கிறேன் என்று சொல்லத் தேவையில்லை. ஆர்.ரி.ஐ. 01 படிவம் இருந்தால் நல்லது, வெறும் கடிதமும் செல்லும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும்.

"அந்த வீதியில் ஏன் ஊழல் நடந்தது?" என்று கேட்டால் பதில் வராது. சட்டம் தருவது ஆவணம், விளக்கமல்ல. இப்படிக் கேளுங்கள்:

"…… ஒழுங்கை கொங்கிறீற் வீதியாகப் புனரமைக்கப்பட்டது தொடர்பாக: 1. அளவுப் பட்டியலுடன் கூடிய பொறியியல் மதிப்பீடு. 2. ஒப்பந்தம் வழங்கிய கடிதமும் கைச்சாத்திட்ட ஒப்பந்தமும். 3. கேள்வி சமர்ப்பித்தோர் பட்டியலும் அவர்கள் கேட்ட தொகையும். 4. இதுவரை செலுத்திய ஒவ்வொரு கொடுப்பனவுக்குமான அளவீட்டுத் தாள்கள். 5. வேலையில் செய்யப்பட்ட மாற்றங்களுக்கான அனுமதிகள். 6. கொங்கிறீற்றின் பலத்தைக் காட்டும் கனசதுரப் பரிசோதனை அறிக்கைகள். 7. வேலை நிறைவுச் சான்றிதழ். இவற்றைக் கணினியில் உள்ள வடிவிலேயே மின்னஞ்சலில் அனுப்பவும்."

நான்காவதுதான் உயிர். மதிப்பீடு என்ன செய்ய நினைத்தார்கள் என்று சொல்லும். அளவீட்டுத் தாள் எதற்குப் பணம் கொடுத்தார்கள் என்று சொல்லும். ரி.ஓ. என்று அழைக்கப்படும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கையெழுத்திட்டது அது.

கால அட்டவணையைக் கைபேசி நாட்காட்டியில் போட்டுவிடுங்கள். கிடைத்ததற்கான ஒப்புகையை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வர வேண்டும். தருவதென்றால், கட்டணம் இருந்தால் அதைச் செலுத்திய 14 நாளுக்குள் தகவல் வர வேண்டும். பெரிய தொகுதி என்றால் இன்னும் 21 நாள் வரை நீட்டலாம். மறுத்தால், அல்லது பதிலே இல்லையென்றால், 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதுவும் தோற்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்த 14 நாளைத் தவறவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. "அடுத்த கிழமை தருகிறேன்" என்று தொலைபேசியில் நல்லபடியாகச் சொல்வார்கள், நீங்களும் காத்திருப்பீர்கள், நாள் கடந்துவிடும்.

"வர்த்தக இரகசியம்" என்ற மறுப்பு வந்தால், கொடுத்து முடித்த பணமும் அளந்து முடித்த வேலையும் எப்படி இரகசியமாகும் என்று கேளுங்கள். விலக்கு இருந்தாலும் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்க வேண்டும் என்று 5(4)ஆம் பிரிவு சொல்கிறது. "கோப்பு அழிந்துவிட்டது" என்றால், சட்டம் வந்தபின் உண்டான பதிவுகளைக் குறைந்தது 12 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள்.

படி 6: நிலத்தை அளப்பது

இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் இங்கே.

ஓர் உதாரணம். கோப்பின்படி ஒழுங்கை 250 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் தடிப்பு. 250 × 3 × 0.15 = 112.5 கன மீற்றர் கொங்கிறீற்.

நீளத்தைக் கைபேசியின் ஜிபிஎஸ்ஸில் அளக்காதீர்கள். திறந்த வெளியில் அது மூன்று முதல் ஐந்து மீற்றர் வரை பிழைக்கும், பனங்கூடலுக்கும் உயர்ந்த மதில்களுக்கும் நடுவே இன்னும் மோசம். இடத்தைக் குறிக்க ஜிபிஎஸ், நீளத்துக்கு 50 மீற்றர் நாடா அல்லது உருளை அளவி. அகலத்தை 25 மீற்றருக்கு ஒருமுறை அளந்து சராசரி எடுங்கள்.

தடிப்புத்தான் தந்திரம் நடக்கும் இடம். ஓரத்தில் அடித்த பலகை ஆறு அங்குலமாகவே இருக்கும். நடுவில் மண்ணைக் குவித்து விட்டால் ஓரத்தில் ஆறு அங்குலமும் நடுவில் நான்கும் வரும். வேலை முடிந்தபின் ஓரத்தைப் பார்ப்பவருக்கு எல்லாம் சரி. ஆகவே கொங்கிறீற் போடுவதற்கு முன்பே, இரு பக்கப் பலகைகளுக்கும் மேலே குறுக்கே நூலை இழுத்துப் பிடித்து, நூலிலிருந்து நிலம்வரை இடது, நடு, வலது என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். பத்து இடத்தில் இப்படிச் செய்தால் 30 அளவுகள். ஒவ்வொன்றையும் நாடாவின் எண் தெரியப் படமெடுங்கள். வேலை செய்பவர்களை மறிக்க வேண்டாம். மாலையில் பலகை அடித்து முடித்ததும் போனால் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை. முடிந்த வீதியை உடைத்துப் பார்க்கும் வேலையே வேண்டாம், அது குற்றம். குழாய் போட யாராவது வெட்டும் நாளில் வெட்டுமுகத்தை அளக்கலாம்.

அளந்ததில் நீளம் 241, அகலம் 2.9, சராசரித் தடிப்பு 0.13 மீற்றர் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 90.9 கன மீற்றர். குறைவு 21.6, அதாவது 19 சதவீதம். ஒவ்வொரு அளவிலும் சின்னதாகத் தெரியும் குறைவு, பெருக்கும்போது ஐந்திலொன்றாகிறது. அளவுப் பட்டியலில் கன மீற்றருக்கு 40,000 ரூபா என்றால் வித்தியாசம் 864,000 ரூபா.

ஆனால் உங்கள் அளவிலும் பிழை உண்டு. தடிப்பில் அரை சென்ரிமீற்றர் தவறினாலே மூன்று சதவீதத்துக்கு மேல். ஆகவே ஐந்து சதவீதத்துக்குக் குறைந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேசாதீர்கள். பத்துக்கு மேல் போனால் கடிதம் எழுதுங்கள். இடையில் இருந்தால் இன்னொருமுறை, வேறு ஆட்களைக் கொண்டு அளந்து பாருங்கள்.

ஒரு குறுக்குச் சரிபார்ப்பு: ஆயத்தக் கலவை லொறியில் வந்தால் ஒவ்வொரு லொறியின் விநியோகச் சீட்டிலும் அளவும் தரமும் இருக்கும். லொறிக்கு ஆறு கன மீற்றர் என்றால் 112.5க்கு 19 லொறி வர வேண்டும். இடத்தில் கலந்தால் சீமெந்துப் பைகளை எண்ணலாம்: 1:2:4 கலவையில் (சீமெந்து, மணல், கல்) ஒரு கன மீற்றருக்கு ஏறக்குறைய 320 கிலோ, அதாவது 50 கிலோப் பை ஆறரைக்குக் கொஞ்சம் குறைவு. முழு வேலைக்கு 720 பை அளவில்.

கிறவல் வீதியில் இந்தக் கணக்கு உங்களையே ஏமாற்றும். லொறியில் வருவது தளர்ந்த கிறவல், பணம் கொடுபடுவது பெரும்பாலும் இறுக்கிய கனவளவுக்கு. இறுகும்போது கால்வாசி வரை சுருங்கும். வந்த கியூப்பையும் கோப்பின் கன மீற்றரையும் நேராக ஒப்பிடாதீர்கள். ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர் என்பதையும் மறக்க வேண்டாம்.

குளம் தூர்வாரல் இன்னும் கடினம். மண் அள்ளுவதற்கு முன் மட்டம் எடுக்காவிட்டால், மாரி வந்து நிறைந்தபின் எவ்வளவு அள்ளினார்கள் என்று எவராலும் சொல்ல முடியாது. சென்ரினல்-2 செய்மதிப் படங்கள் இலவசம், ஐந்து நாளுக்கொருமுறை வரும், குளத்தின் நீர்ப்பரப்பு எவ்வளவு விரிந்தது என்று காட்டும். ஆழத்தைக் காட்டாது. பத்து மீற்றர் ஒரு புள்ளி என்பதால் மூன்று மீற்றர் ஒழுங்கைக்கு அது உதவவும் மாட்டாது. ட்ரோன் ஆசை வேண்டாம், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் கதை வேறு பக்கம் திரும்பிவிடும்.

அளவுகளைப் பதிவு செய்ய, கைபேசியில் படிவம் நிரப்பும் கோபோ டூல்பொக்ஸ் என்ற கருவி நல்லது. தமிழிலேயே படிவம் அமைக்கலாம், இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், படமும் இடப்புள்ளியும் திகதியும் ஒன்றாகச் சேரும். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள். அது படத்துக்குள் இருக்கும் திகதியையும் இடத்தையும் உரித்துவிட்டுத்தான் அனுப்பும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் தப்பும். ஆயத்தொலைகளை எழுதும்போது வரிசை முக்கியம், முதலில் அகலாங்கு, பிறகு நெட்டாங்கு: யாழ்ப்பாணம் 9.66, 80.02. மாற்றிப் போட்டால் உங்கள் ஒழுங்கை வடதுருவக் கடலில் போய் விழும்.

படி 7: நாட்காட்டியை வாசியுங்கள்

எங்கள் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஒதுக்கீடு வந்து, மதிப்பீடு செய்து, கேள்வி கோரி, ஒப்பந்தம் போடும்போது ஓகஸ்ட், செப்ரெம்பர் ஆகிவிடும். ஒக்ரோபரில் மாரி. வருடம் முடிந்தால் செலவழியாத பணம் திரும்பிப் போகும். ஆகவே டிசம்பர் கடைசி வாரத்தில் வேலை முடியாமலே முடிந்ததாகச் சான்றளிக்கும் சபலம் வருகிறது. எல்லோரும் களவாளிகள் என்பதல்ல இதன் பொருள். நல்ல உத்தியோகத்தரும் இந்த நெருக்கடிக்குள் அகப்படுவார்.

ஆகவே உங்கள் படமெடுப்பை அதற்கேற்ப வையுங்கள். டிசம்பர் 20, டிசம்பர் 31, ஜனவரி 5 என்று ஒவ்வொரு வேலையையும் ஒரே இடத்தில் நின்று எடுங்கள். நிறைவுச் சான்றிதழ் டிசம்பர் 28 என்றும், உங்கள் ஜனவரி 5 படத்தில் பாதி வீதி மண்ணாகவும் இருந்தால், வேறு கணக்கே தேவையில்லை.

படி 8: வெளியிடுவதும் கேட்பதும்

வெளியிடுவதற்கு முன் எண்களைச் சபைச் செயலாளருக்கோ மாநகர ஆணையாளருக்கோ எழுத்தில் அனுப்பி இரண்டு வாரம் கொடுங்கள். வித்தியாசத்துக்கு நியாயமான காரணம் இருக்கலாம்: மதகொன்று மேலதிகமாகக் கட்டியிருக்கலாம், காணிக்காரர் விடாததால் நீளம் குறைந்து அதற்குரிய பணம் கழிக்கப்பட்டிருக்கலாம். பதில் வந்தால் அதையும் அதே வரியில் போடுங்கள்.

பிறகு கூகுள் தாளைப் பார்வைக்கு மட்டும் திறந்துவிட்டு, இணைப்பைக் கியூஆர் குறியாக அச்சிட்டு சனசமூக நிலையப் பலகையில் ஒட்டுங்கள். எண்ணை எழுதுங்கள், ஆளைத் திட்டாதீர்கள். "அளவு 19 சதவீதம் குறைவு" என்பது நிற்கும், "கள்ளன்" என்பது உங்களை நீதிமன்றத்துக்கு இழுக்கும். வீட்டுத்திட்டம், உதவிப்பணம் போன்றவற்றின் பயனாளிகள் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒருபோதும் வெளியிட வேண்டாம். செலவின் மொத்தமும் எண்ணிக்கையும் போதும்.

பதில் இல்லையென்றால் ஏணி இது: வட்டார உறுப்பினர் மூலம் சபையின் மாதாந்தக் கூட்டத்தில் கேள்வி, உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்குக் கடிதம், தேசிய கணக்காய்வு அலுவலகத்துக்கு ஆவணத் தொகுதி. இலஞ்சம் கைமாறியதற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, தொலைபேசி 1954. அளவு குறைவை மட்டும் வைத்துக்கொண்டு நேரே அங்கே போனால் கோப்பு நகராது.

கடைசியாக ஒரு திகதி. வேலை முடிந்ததும் முழுப் பணமும் கொடுபடுவதில்லை. குறைபாடு திருத்தும் காலத்துக்கென்று, வழக்கமாக 365 நாளுக்கு, ஒப்பந்தத் தொகையில் ஐந்து சதவீதம் அளவில் பிடித்து வைத்திருப்பார்கள். வெடிப்பு, மேற்பரப்பு உரிதல், ஓரம் உடைதல் எல்லாம் முதல் மாரியிலேயே தெரிந்துவிடும். நிறைவுச் சான்றிதழ்த் திகதியிலிருந்து பத்தாவது மாதத்தில் நாட்காட்டியில் ஒரு மணியை வையுங்கள். அன்று போய் முழு நீளமும் நடந்து, வெடிப்புகளைப் படமெடுத்து, இடப்புள்ளியோடு பட்டியலிட்டு, "பிடித்து வைத்த பணத்தை விடுவிக்கும் முன் இவற்றைத் திருத்துவிக்கவும்" என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வாருங்கள்.